விடுப்பும் உண்டு, களாவும் உண்டு

காய்ச்சல் அடிக்கிறது. இன்றைக்குத்தான் பல் கிளினிக் திகதி. போவதா, விடுவதா?

இந்தக் கேள்விக்கு எங்கள் வீடுகளில் இரண்டு பதில்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். “இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு போய் வா. இந்தத் திகதி தவறினால் இனி எப்போது கிடைக்குமோ” என்பது ஒன்று. அது பெரும்பாலும் உம்மாவின் குரல். “சுகமில்லாத பிள்ளையை எங்கே இழுத்துக்கொண்டு போவது? பல்லுத்தானே, பிறகு பார்க்கலாம்” என்பது மற்றது. அது மூத்தம்மாவின் குரல். இரண்டுமே அன்பில் பிறந்த பதில்கள். ஆனால் இரண்டுமே பாதி சரி, பாதி பிழை என்பதே எனது கருத்து.

முதலில் உம்மாமாரின் பக்கத்தைப் பார்ப்போம். அரச வைத்தியசாலையில் பல் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் அந்தத் திகதிக்கும் ஒரு விலை இருக்கிறது. சுபஹ் தொழுத கையோடு போய் வரிசையில் நின்று இலக்கம் எடுக்க வேண்டும். தூரத்து ஊர்க்காரர் இரண்டு பஸ் மாற வேண்டும். கூட வரும் வாப்பாவுக்கு அன்றைய கூலி இல்லை. மாணவிக்கு அன்றைய பாடம் இல்லை. பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் பேராதனைக்கோ கொழும்புக்கோ போய் வர வேண்டுமென்றால் ஒரு முழு நாளும் போய்விடும். இவ்வளவும் கொடுத்து வாங்கிய திகதியை ஒரு தடிமனுக்காக விட்டுவிடு என்றால் யாருக்கு மனம் வரும்? ஆகவே காய்ச்சலோடு கிளினிக் வருகிறவரைப் பொறுப்பில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அநேகமாக அவர் மிகவும் பொறுப்பானவர். காத்திருந்த காலத்தை வீணாக்க விரும்பாதவர்.

ஆனாலும் பல் வைத்தியரின் கதிரை மற்றக் கதிரைகளைப் போன்றதல்ல. கண்ணைக் காட்டப் போனாலும், காலைக் காட்டப் போனாலும் முகக்கவசத்தோடு இருக்கலாம். பல் வைத்தியரிடம் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வாயை அகலத் திறந்தபடி நெடுநேரம் இருக்க வேண்டும். வைத்தியரின் முகமும் உதவியாளரின் முகமும் எங்கள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில்தான் இருக்கும். பல்லைத் துளைக்கும் கருவி சூடேறாமல் இருப்பதற்காகத் தண்ணீரைப் பீச்சிக்கொண்டே சுழல்கிறது. பற்காரையை அகற்றும் கருவியும் தண்ணீரைத் தெளித்தபடியேதான் அதிர்கிறது. அந்தத் தண்ணீர் எங்கள் உமிழ்நீரோடு கலந்து புகார் போல மேலெழும்புகிறது. பெரிய துளிகள் பக்கத்திலேயே விழுந்துவிடும். மிகச் சிறியவை காற்றில் மிதந்துகொண்டிருக்கும். எங்கள் தொண்டையில் ஒரு வைரஸ் குடியிருந்தால் அதற்கு இதைவிட வசதியான வாகனம் வேண்டுமா? கொரோனாக் காலத்தில், நோய் சமூகத்தில் பரவிக்கொண்டிருக்கும் இடங்களில் அவசரமற்ற பல் சிகிச்சைகளைப் பிற்போடுமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஆகஸ்ட் மாதத்தில் ஆலோசனை கூறியதற்கு இதுவே காரணம்.

அடுத்து, வெளியே வாங்கில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். குடும்ப நல உத்தியோகத்தர் அனுப்பிவைத்த கர்ப்பிணித் தாய் இருப்பார். சீனி வருத்தத்தால் முரசு பழுதான ஒரு பெரியவர் இருப்பார். இருதய சத்திரசிகிச்சைக்கு முன்னர் பல்லைச் சரிசெய்து வரச் சொன்ன ஒருவர் இருப்பார். உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப்பிள்ளை இருக்கும். அவர்களில் எவரும் எங்கள் காய்ச்சலை வாங்கிக்கொண்டு போவதற்காகத் திகதி எடுத்து வந்தவர்கள் அல்லர்.

பிறருக்கு மட்டுமல்ல, நோயாளிக்கும் அன்று அந்தக் கதிரை நல்லதல்ல. மல்லாந்து படுத்து, வாய் நிறையத் தண்ணீரும் கருவியுமாக இருக்கும்போது மூக்கினால்தான் மூச்சு விட வேண்டும். மூக்கடைப்போடு படுத்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கூரான கருவி வாய்க்குள் இருக்கும் வேளையில் திடீரென்று இருமல் வந்தால் காயம் யாருக்கும் ஏற்படலாம். உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் போட்டிருந்தாலும் அது காயும்வரை பொறுப்பதே நல்லது. உதட்டை இழுக்கும்போது அது வெடித்து வலிக்கும். அதிலுள்ள கிருமி வைத்தியரின் விரலுக்கும் கண்ணுக்கும்கூடத் தொற்றக்கூடியது.

எங்கள் நாட்டில் இன்னொரு விடயத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அது டெங்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 இற்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். டெங்கில் இரத்தம் உறைவதற்கு உதவும் குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன. என்ன காய்ச்சல் என்று தெரியாமல் அந்த நாளில் போய்ப் பல்லைக் கழற்றினால் இரத்தம் நிற்காமல் போகலாம். பல்வலிக்காக வீட்டில் வைத்திருக்கும் புரூபன், அஸ்பிரின் போன்ற குளிசைகளும் டெங்குக் காய்ச்சலில் ஆபத்தானவை. அதேபோல், காய்ச்சலோடு முரசிலிருந்து இரத்தம் கசிந்தால் “பல்லு வைத்தியரிடம் காட்டுவோம்” என்று கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அது டெங்கின் எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்று. அப்போது போக வேண்டிய இடம் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு.

எங்கள் வீட்டிலேயே இந்தக் கேள்வி ஒருமுறை வந்தது. தங்கைக்குப் பல் கம்பியை இறுக்கும் திகதி. முதல்நாள் இரவு அவளுடைய முதுகில் நாலைந்து கொப்புளங்கள். உம்மா பார்த்தவுடனேயே கொப்பளிப்பான் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், “முகத்தில் ஒன்றும் இல்லைத்தானே, பர்தாவைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். யாருக்குத் தெரியப் போகிறது?” என்றார். வாப்பா, “தெரியாமல் இருப்பதுதானே பிரச்சினை” என்று மட்டும் சொன்னார். கொப்பளிப்பான் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை தொற்றும். அது கர்ப்பிணித் தாய்மாருக்கும் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் ஆபத்தை உண்டாக்கக்கூடியது. பர்தா கொப்புளத்தை மறைக்கும், கிருமியை மறைக்காது.

போவதில்லை என்று முடிவாயிற்று. அதை எப்படி அறிவிப்பது? கிளினிக் கொப்பியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தோம். திகதி இருந்தது, இலக்கம் இருந்தது, தொலைபேசி எண் மட்டும் இல்லை. வைத்தியசாலையின் பொது இலக்கத்துக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நானாதான் கொப்பியை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனார். அங்கிருந்த தாதி விடயத்தைக் கேட்டதும் ஏசவில்லை. “கூட்டி வராமல் விட்டது நல்லது தம்பி” என்று சொல்லி, மூன்று கிழமை கழித்து வேறு திகதி போட்டுக் கொடுத்தார். தங்கையின் இடத்துக்கு, இலக்கம் கிடைக்காமல் நின்ற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்களாம். நானா வந்து சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் செய்திதான். நாங்கள் வீட்டில் நின்றது ஒருவருக்குத் தொற்றாமல் காத்தது. நாங்கள் சொல்லிவிட்டு நின்றது இன்னொருவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்தது.

எங்கள் மார்க்கம் இந்த ஒழுங்கை ஏற்கெனவே கற்றுத் தந்திருக்கிறது. வெள்ளைப்பூண்டு சாப்பிட்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெறும் வாடையினால் பக்கத்தில் இருப்பவருக்கு ஏற்படும் சங்கடத்துக்கே அவ்வளவு கவனம் என்றால், தொற்றிக்கொள்ளும் நோய்க்கு எவ்வளவு கவனம் வேண்டும்? நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்றும் ஹதீஸில் வந்திருக்கிறது. ஒட்டகத்துக்கு உரிய அந்தக் கவனம் வாங்கில் இருக்கும் மனிதருக்கு இல்லையா?

நோன்பை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு நோன்பை விடச் சலுகை உண்டு என்று அல்லாஹ் சூரா பகராவில் சொல்கிறான். அந்தச் சலுகையோடு இன்னொன்றும் சேர்ந்தே வருகிறது. விட்ட நாட்களை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள வேண்டும். விடுப்பும் உண்டு, களாவும் உண்டு. மூத்தம்மாமார் சொல்லும் “பிறகு பார்க்கலாம்” என்ற பதிலில் குறைவது இந்த இரண்டாவது பாதிதான். “பிறகு” என்பது கலண்டரில் இல்லாத நாள். களாவுக்கு ஒரு நாள் குறிக்க வேண்டும்.

ஏனென்றால், பல் விடயத்தில் நோய் ஒரு நல்ல சாட்டாகவும் வந்து உதவும். விறைப்பூசியை நினைத்தாலே சிலருக்குத் தலை வலிக்கத் தொடங்கும். துளைக்கும் கருவியின் சத்தத்தை நினைத்தால் சிலருக்கு வயிறு கலங்கும். காலையில் ஒரு தும்மல் போட்டவுடன் “எனக்குத் தடிமன், இன்றைக்கு வேண்டாம்” என்று சந்தோசமாகச் சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அன்று பின்னேரமே அவர்கள் கலியாண வீட்டில் இருப்பார்கள்! பயம் குற்றமல்ல. பயமாக இருக்கிறது என்று வைத்தியரிடம் சொன்னால் அவர் மெதுவாகச் செய்வார், இடையில் நிறுத்துவார். ஆனால் பயத்துக்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்தால் அதற்கு மருந்து கிடைக்காது. பல்லும் பேசாமல் இருக்காது. நரம்பெடுத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பிய பல், குறித்த நாளில் போய் முடிக்கப்பட வேண்டியது. அந்த அடைப்பு நாளாக ஆகத் தேய்ந்து கிருமிக்கு வழி விடும். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அப்படித்தான் கழற்ற வேண்டிய பல்லாகிறது. பல் போனால் சொல் போச்சு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

போகாமல் விடக் கூடாத நோயும் இருக்கிறது. காய்ச்சல் பல்லிலிருந்தே வந்திருந்தால்? சூத்தைப் பல்லின் அடியில் சீழ் கட்டி, கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் “காய்ச்சல் விட்டதும் போவோம்” என்பது தலைகீழான யோசனை. அந்தப் பல்லைக் கவனித்தால்தான் காய்ச்சலே விடும். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், வாயைத் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், திகதியையும் பார்க்க வேண்டாம், விடியும்வரையும் பார்க்க வேண்டாம். அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்போதே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இதற்கு மறுதலையும் உண்டு. தடிமன் பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் நாலைந்து ஒன்றாக வலிக்கும். ஸுஜூதுக்குக் குனிந்தால் வலி கூடும். கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் சளி அடைத்துக்கொள்வதனால் இப்படி வரலாம். அந்த அறையின் தரை மேல்பற்களின் வேருக்கு மிக அருகில் இருக்கிறது. தடிமன் இறங்க இந்த வலியும் இறங்கிவிடும். இறங்காவிட்டால் பல் வைத்தியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் எப்படி முடிவெடுப்பது? மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது: எனக்கு இருப்பது பிறருக்குத் தொற்றுமா? காய்ச்சல், இருமல், தொண்டை நோவு, வாந்தி, வயிற்றோட்டம், கொப்பளிப்பான், கண்ணோய் என்றால் ஆம். இலேசான தலையிடி, மாதாந்த வயிற்று நோவு, நித்திரை குறைந்த அசதி என்றால் இல்லை. தொற்றாத சுகயீனத்தில், கதிரையில் இருக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது நோயாளியின் உரிமை. இழுப்பு உள்ளவர்கள் இழுப்பு அடங்கியிருந்தால், உறிஞ்சும் மருந்தையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இரண்டாவது: எனது பல் காத்திருக்குமா? சுத்தம் செய்வது, கம்பி இறுக்குவது, வழமையான பரிசோதனை ஆகியவை ஓரிரு கிழமை காத்திருக்கும். வீக்கமும், குளிசைக்கு அடங்காத வலியும், நிற்காத இரத்தமும், விழுந்து உடைந்த பல்லும் காத்திருக்கமாட்டா. அப்படி அவசரமாகப் போகும்போது தொற்று நோயும் இருந்தால் முகக்கவசம் அணிந்து, வாசலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். குடித்த குளிசைகளின் பெயரையும் சொல்ல வேண்டும். என்ன செய்வது என்பதை வைத்தியர் முடிவு செய்வார்.

மூன்றாவது: நான் யாருக்குச் சொன்னேன்? இந்தக் கேள்வியைத்தான் நாங்கள் மறந்துவிடுகிறோம். போகாமல் விடுவதும் வேறு, சொல்லாமல் விடுவதும் வேறு. சொல்லாமல் விட்டால் வைத்தியரின் நேரம் வீண், வரிசையில் நின்று திரும்பிப் போனவரின் நாள் வீண், எங்கள் அடுத்த திகதியும் யாருக்கும் தெரியாத ஒன்று. ஒரு நேரத்தை எங்களுக்கென்று ஒதுக்கித் தந்தால் அது எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அமானிதத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாசல் வேண்டுமே! எல்லாருக்கும் முதல் பஸ்ஸில் ஓடிப்போக ஒரு நானா இருக்கமாட்டார். ஆகவே கிளினிக்குகளை நடத்துவோரிடம் சிறியதொரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். கொப்பியில் திகதி எழுதும் அதே பக்கத்தில் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒரு முத்திரை செய்து குத்தினாலே போதும். காய்ச்சலால் வர முடியாதென்று முன்கூட்டியே அறிவிப்பவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளாமல், விரைவில் ஒரு நாளைக் கொடுங்கள். நோயைச் சொன்னவருக்குத் தண்டனை, மறைத்து வந்தவருக்குச் சிகிச்சை என்றால், எல்லாரும் மறைக்கத்தான் பழகுவார்கள். இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வருகிறவரைத் திருத்துவதற்கு அறிவுரையைவிட இந்த ஏற்பாடு கூடிய பலன் தரும்.

சகோதரிகளே, உயிரியல் படிக்கும் எங்களில் சிலர் நாளைக்கு அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் வைத்தியர்களாகவும் தாதியராகவும் வரலாம், இன்ஷா அல்லாஹ். மற்றவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருக்கப்போகும் உம்மாமார். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கு எங்களுக்குத் தேவைப்படும். அதற்கு முன்னர் இன்று செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வீட்டிலுள்ள கிளினிக் கொப்பிகளை எடுத்துப் பாருங்கள். உங்களுடையது, தம்பியுடையது, மூத்தம்மாவுடையது என்று எல்லாவற்றிலும் தொலைபேசி இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு, முதல் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

தரம் 12, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு